முத்தம்மாக்கா கோப்பியை விட்ட கதை (இதுவரை)

1

இந்தக் கதை எனக்கு ஒரு துடைப்பத்தால் கிடைத்தது.

போன ஆகஸ்டில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், வழியை மறித்து நின்ற மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்லி ஹார்ன் அடித்தேன். பக்கத்து வீட்டு முத்தம்மாக்கா துடைப்பத்தோடு வந்து, அதன் அடிக்கட்டையால் என் கார்க் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னொரு வாட்டி அடிச்ச, கண்ணாடி இருக்காது தம்பி."

பதினான்கு வருடப் பழக்கம். அதற்குமுன் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் கணவர் அர்ச்சுனண்ணன் பின்னாலேயே ஓடிவந்து மோட்டாரை நகர்த்தினார்.

"மனசுல வச்சுக்காத தம்பி. கோப்பிய விட்டுட்டா. இன்னைக்கு மூணாவது நாள்."

அன்று மதியம் காப்புறுதி அலுவலகத்தில், யாரோ பிழையாக நிரப்பிய ஒரு விண்ணப்பப் பாரத்தின் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதினேன்.

2

அந்த முதல் வரி: "ஈப்போவின் பழைய கடைகளிலிருந்து எழும் கோப்பி மணம் ஒரு காலத்தின்

வேண்டாம். அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

இரண்டாவது: "கஃபீன் என்னும் பொருள் நம் களைப்பை நமக்கே தெரியாமல்

இதுவும் வேண்டாம். முத்தம்மாக்காவுக்குக் கஃபீனைத் தெரியாது, கோப்பியைத்தான் தெரியும். (தமிழ்நாட்டு வாசகர்கள் காப்பி என்று வாசித்துக்கொள்ளலாம். மலேசியாவில் நாங்கள் குடிப்பது கோப்பி.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். முத்தம்மாக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். அவர் பிறந்ததும் இங்கேதான். லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேண்டீனில் இருநூறு பேருக்குக் கோப்பி கலக்குகிறார். அவருக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏழு கிளாஸ். அர்ச்சுனண்ணன் ஒன்பது என்கிறார். ஏழு என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கதையைத் தாள் தாளாக வாங்கிப் படித்துத் திருத்தம் சொல்பவர் முத்தம்மாக்கா.

3

ஏன் விட்டார் என்றால், வேண்டுதல். ஒரே மகள் தினேஸ்வரிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நாற்பத்தெட்டு நாள் கோப்பியைத் தொடமாட்டேன் என்று கல்லுமலை முருகனிடம் சொல்லியிருந்தார். கிடைத்தது. சபாவில், கடல் அறிவியல். முடிவு வந்த மறுநாள் காலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"மொட்டை போட்டிருக்கலாமேக்கா," என்றேன்.

"முடி வளந்துடும் தம்பி. அதுல அவருக்கு என்ன குடுத்த மாதிரி? கோப்பினாத்தான் எனக்கு வலிக்கும்."

(முதல் எழுத்துப்படியில் இங்கே "கைகள் இலைபோல் நடுங்கின" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டார். "கை நடுங்கல. தலைவலியும் கோவமும்தான். பொய் எழுதாத லா.")

தலைவலி ஐந்து நாள். கோபம் அதைவிட நீண்டது. அர்ச்சுனண்ணன் சத்தமாக மூச்சு விடுகிறார் என்று சண்டை. கேண்டீனில் ஒருநாள் சர்க்கரை டின்னில் உப்பைக் கொட்டிவிட்டார். கலக்கிய கோப்பியை ருசி பார்க்க முடியாததால், வரிசையில் முதலில் நிற்கும் நேப்பாளப் பையன் ஒருவனைக் குடித்துச் சொல்லச் சொன்னார். அவன் தினமும் "குராங் மானிஸ்" என்பான், இனிப்புப் பத்தவில்லை என்று. இவரும் போட்டுக்கொண்டே போனார். இரண்டாவது வாரத்தில் தொழிற்சாலையே பாகு குடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு மனுஷி கோப்பியை விடுவதெல்லாம் ஒரு கதையா? என் மனைவி சரளாவிடம் கேட்டேன். அதைக் கேட்டபோது என் கையில் மூன்றாவது கிளாஸ் இருந்தது. அவள் கிளாஸைப் பார்த்தாள். தொடர்ந்து எழுதினேன்.

4

பத்தொன்பதாவது நாள் ஒரு மிட்டாய்.

கேண்டீனில் யாரோ பிறந்தநாள் என்று கொடுத்தார்கள். காகிதத்தைப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார். கோப்பி மிட்டாய்.

அன்று சாயந்திரமே என்னைக் காரை எடுக்கச் சொல்லிக் கல்லுமலைக்குப் போனார். குருக்கள் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியாமத் தின்னதுக்குக் குத்தம் இல்லம்மா."

"மொத சப்பு தெரியாது சாமி. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் முழுசாத் தின்னேன்."

குருக்கள் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரித்தார் என்று எழுதலாம், இருமினார் என்றும் எழுதலாம். அக்கா அதைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து ஆரம்பிப்பதாக முடிவு செய்துவிட்டார்.

அன்றிரவு உணவு நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. (கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் சுவர் அப்படி.)

"நீ இப்படி முகத்தத் தூக்கி வச்சிருந்தா நான் எப்படிம்மா நிம்மதியாப் போறது? படிச்சது நான். முருகன் ஒரு பேப்பர்கூட எழுதல."

"அவரு எழுதலடி. நீ தூங்காமப் படிக்கப் பாத்துக்கிட்டாரு."

"தூங்காமப் பாத்துக்கிட்டது உன் கோப்பி. நாலரைக்கு எழுந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் போட்டு எதுத்தாப்புல வந்து உக்காந்தியே, அதான்."

அதற்குப் பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "தாயும் மகளும் கட்டித் தழுவி" என்று ஒரு வாக்கியம் எழுதினேன், அதை நானே அடித்தேன்.

5

தினேஸ்வரி கிளம்பிய நாள், இரண்டாவது எண்ணிக்கையில் பன்னிரண்டு.

அமான்ஜெயா பேருந்து நிலையத்துக்கு நான்தான் ஓட்டிப்போனேன். அங்கிருந்து பேருந்தில் விமான நிலையம். அர்ச்சுனண்ணன் கூடப் போகிறார். முத்தம்மாக்காவுக்கு விமானம் என்றாலே தலை சுற்றும். அண்ணன் பெட்டிகளை ஏற்றப் போனார். பெஞ்சில் அம்மாவும் மகளும். இருபது நிமிடம் இருந்தது.

தினேஸ்வரி எழுந்தாள். "அம்மா, நான் போய் ரெண்டு கோப்பி வாங்கியாறேன். பரீட்ச நேரத்துல குடிச்சமே, அந்த மாதிரி ஒருவாட்டி. அப்புறம் தீவாளிக்குத்தான்."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பாதுகாவலர் வந்து, காரை அங்கே நிறுத்தக்கூடாது, எடுங்கள் என்றார்.

எழுத்தாளனுக்கு இப்படி ஒரு நேரத்தில் கார் இருக்கக்கூடாது. வேறிடம் தேடி, நிறுத்தி, ஓடிவந்தேன். பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இரண்டு காகிதக் குவளைகள். இரண்டும் காலி.

திரும்பும்போது கேட்டேன். "குடிச்சீங்களாக்கா?"

"அத எழுதாத தம்பி. அது எனக்கும் முருகனுக்கும் உள்ளது." ஜெலாப்பாங் தாண்டியபின் சேர்த்துக்கொண்டார்: "அவளுக்கும்."

6

குடித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன்: ஒரே மடக்கு, கண்ணை மூடி, பிறகு மறுநாள் மூன்றாவது முறையாக ஒன்றிலிருந்து எண்ணுகிறார். எனக்கு இது பிடித்திருந்தது. குடிக்கவில்லை என்றும் எழுதினேன்: சூடாறும்வரை குவளையைக் கையில் வைத்திருந்து மகளிடமே கொடுக்கிறார், அவள் இரண்டையும் குடிக்கிறாள். சரளாவுக்கு இதுதான் பிடித்தது. இரண்டையும் முத்தம்மாக்காவிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், "ரெண்டுமே நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். தினேஸ்வரியைக் கைப்பேசியில் கேட்டேன். ஒரு கடல் படம் அனுப்பினாள்.

ஆகவே அந்த இருபது நிமிடத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் மாற்றவேண்டாம். பேருந்து நகர்ந்தபோது அக்கா அழவில்லை. மகள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு சன்னலைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அது தவறான சன்னல். அங்கே உட்கார்ந்திருந்த வயதான சீனர் ஒருவர் ஒரு கணம் திகைத்து, பிறகு எழுந்து நின்று, பேருந்து வளைவில் மறையும்வரை இவருக்குக் கையசைத்துக்கொண்டே போனார்.