முத்துநாயகத்தின் நாற்றங்கால்

"நல்ல தண்ணியவிட உப்புத் தண்ணிக்கு ஈரம் கூடுதலா டீச்சர்?"

சுபிதா இப்படிக் கேட்டதும் ஏழாம் வகுப்பே சிரித்தது.

"ஏட்டி, ஈரத்துல ஏதுட்டி கூடுதலும் கொறைச்சலும்? நனைஞ்சா நனைஞ்சதுதான்" என்றான் அனீஷ்.

"கடல்ல விழுந்தவனுக்குத் தலை தோர ரெண்டு துண்டு வேணுமோ?" என்று ஆர்த்திகா சேர்த்துக்கொண்டாள். சிரிப்பு இன்னும் கூடியது.

ராஜி டீச்சரும் லேசாகச் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, "பிறகு பாப்போம் மக்கா" என்றாள். அதற்குள் மணி அடித்தது. அந்தப் பிறகு வரவே இல்லை.

பழையாறு கடலில் சேருகிற மணக்குடிக் காயலுக்குச் சற்று மேலே இருந்தது அந்த நடுநிலைப் பள்ளி. கணக்கு, அறிவியல், தொழில்நுட்பம் மூன்றையும் சேர்த்துக் கையால் செய்து படிக்கும் திட்டம் ஒன்று சோதனையாக அங்கே வந்திருந்தது. ஒரு பெட்டி நிறைய ஒயர்கள், சின்னச் சின்ன போர்டுகள், மோட்டார்கள். சத்துணவு அரிசி மூட்டைகள் கிடந்த அறையை ராஜி டீச்சர் கேட்டு வாங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து கழுவி, வாசலில் 'லேப்' என்று எழுதினாள்.

தலைமை ஆசிரியர் கணபதியப்பன் அறையைக் கொடுத்தபோதே சொன்னார். "நான் தடுக்கல்ல டீச்சர். ஆனா ஊர்ல இருந்து ஒரு பராதி, ஒரு புகாருண்ணு வந்தாலும் பெட்டியக் கெட்டித் திருப்பி அனுப்பிருவேன். ரிட்டயர் ஆவப்போற நேரத்துல எனக்கு இந்தக் கஞ்சலொண்ணும் வேண்டாம்."

அவர் கெட்ட மனிதரல்ல. பயந்த மனிதர். அவர் சொன்னால் செய்வார் என்பது டீச்சருக்குத் தெரியும்.

அந்த அறை போனால் பலருக்கும் வருத்தம்தான். சுபிதாவுக்கு அதோடு இந்தப் பள்ளியே போய்விடும். அவளுடைய அப்பா தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர். கடற்கரையில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி இருக்க, இந்த லேப்புக்காகத்தான் அவள் தினமும் பஸ் ஏறி வந்தாள். "அந்த லேப்பு இருக்கது வரைக்கும் போ" என்றுதான் அம்மா அனுப்பியிருந்தாள்.

பிள்ளைகள் செய்துகொண்டிருந்தது மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி. இரண்டு உலோகக் கால்களை மண்ணில் குத்தி வைத்தால், ஈரத்துக்குத் தகுந்தபடி அவற்றுக்கிடையே மின்சாரம் ஓடும். திரையில் ஓர் எண் ஏறும். 'போதும்' என்று குறித்து வைத்த எண்ணை எட்டியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அந்தப் 'போதும்' எங்கே என்று கண்டுபிடிக்க, அதை வைக்கப்போகும் விவசாயி முத்துநாயகத்தின் வயலிலிருந்தே மண் எடுத்து வந்து தொட்டிகளில் நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள்.

ஊற்றியது பள்ளிக் கிணற்றுத் தண்ணீர். காயல் பக்கம் என்பதால் அதில் உப்பு உண்டு. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் தனியாக வரும், மற்றதற்கெல்லாம் கிணறுதான். பாத்திரம் கழுவுவது முதல் செடிக்கு ஊற்றுவது வரை அதிலேயே நடந்து பழகிய ஊர். அன்று குவளை காலியாக இருந்ததால் சுபிதா தன் குப்பியில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினாள். எண் பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் அந்தக் கேள்வி.

முத்துநாயகத்தின் மகள் நந்தனா ஆறாம் வகுப்பில் படித்தாள். அந்தப் பழக்கத்தில்தான் கும்பப்பூ சாகுபடிக்கு நாற்றங்கால் போட வயல் தயாரானபோதே, "பிள்ளையளுக்க மெஷின் நம்ம வயல்ல ஓடட்டு" என்று அவராகவே அழைத்தார். முளைகட்டிய விதை வேர் பிடிக்கும்வரை மண் காயவும் கூடாது, தண்ணீர் கட்டவும் கூடாது. அந்தக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பாசனக் கால்வாயான சானலிலிருந்து தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டாரில் எலக்ட்ரீஷியன் கபிரியேலை வைத்து ஒயர் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் ஓடத் தொடங்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். "அதுவே நிக்கும் அண்ணாச்சி" என்று டீச்சர் சொல்லிவிட்டு வந்தாள்.

அது நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நாற்றங்கால் குளம்போலக் கிடந்தது. விதையெல்லாம் அரித்துப்போய் ஒரு மூலையில் பாயாசம்போல் திரண்டிருந்தது. மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த எண் பாதியைத் தாண்டவில்லை. செய்தி கேட்டு டீச்சர் ஓடிவந்தாள். பின்னாலேயே பிள்ளைகள். பக்கத்து வயல்காரர் ஸ்ரீனிவாசன் ஏற்கெனவே தலைமை ஆசிரியருக்குப் போன் செய்திருந்தார்.

"பிள்ளையளு வெளையாட இவியளுக்கு வயலா கெடச்சுது?" என்று ஸ்ரீனிவாசன் வரப்பில் நின்று சத்தம் போட்டார். "நாளைக்கு எனக்க வயல்லயும் கொண்டு வப்பாவளோ? கேக்க ஆளில்லியா?"

சுபிதா அழவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

கணபதியப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து சேர்ந்தார். நாற்றங்காலைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு முத்துநாயகத்திடம் கேட்டார். "சொல்லும் முத்துநாயகம். பராதி உண்டுமா?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். முத்துநாயகம் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, முழங்கால் வரை சேறாக நின்றார். ஒரு நல்ல நாற்றங்கால் போன வருத்தம் அந்த முகத்தில் இல்லாமல் இல்லை.

"வயலு எனக்கது. மோட்டரு எனக்கது" என்றார். "ஒயரக் குடுக்கச் சொன்னதும் நான்தான். மொதநாளே அதை நம்பி, ஒருக்க வந்து பாக்காமக் கெடந்து ஒறங்குனதும் நான்தான். இதுல யாரு மேல சார் பராதி சொல்ல?"

"வெதை போச்சே வேய்!" என்றார் ஸ்ரீனிவாசன்.

"போச்சு. உமக்கு மழையில போனதில்லியா? யாரு மேல கேஸு குடுத்தீரு?"

ஸ்ரீனிவாசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "காரணம் என்னண்ணு திங்கக்கிழமை எனக்குத் தெரியணும்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கணபதியப்பன் நடந்தார். பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ராஜி டீச்சர் லேப்பில் முதல் வேலையாகச் சுபிதாவை எழுப்பினாள்.

"அண்ணைக்கு ஒரு கேள்வி கேட்டியே, அத இன்னொருக்க கேளு மக்கா. சத்தமா."

சுபிதா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணைக்கே நான் நின்னு கேட்டிருக்கணும்" என்றாள் டீச்சர். "வா, இப்பப் பாப்போம்."

ஒரே மண், இரண்டு தொட்டி. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அதே அளவு சானல் தண்ணீர். உலோகக் கால்களைக் குத்தினார்கள். உப்புத் தொட்டியில் எண் தாவி ஏறியது. நல்ல தண்ணீர்த் தொட்டியில், மண் குழம்பாகிச் சொதசொதவென்று ஆன பிறகும் பாதியிலேயே நின்றது. கருவிக்கு ஈரம் தெரியாது. மின்சாரம் ஓடுவதுதான் தெரியும். உப்பு கலந்தால் மின்சாரம் எளிதாக ஓடும். பள்ளிக் கிணற்றை வைத்துக் குறித்த 'போதும்' என்ற எண், சானல் தண்ணீர் பாயும் வயலில் எந்தக் காலத்திலும் வராது.

அதன்பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் குத்திப் பார்த்தார்கள். காரணம் கேட்க வந்த கணபதியப்பனின் டீக் குவளையையும் அனீஷ் விடவில்லை.

"சார், உங்க டீயில ஈரம் கொறவாக்கும்!"

"அது டீக்க கொறவு இல்ல மக்கா. கடைக்காரனுக்க கை அப்படி" என்றார் கணபதியப்பன். பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "எந்தப் பிள்ள இதக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

ஆர்த்திகா முந்திக்கொண்டாள். "சுபிதாதான் சார். நாங்க கேலி செஞ்சோம்."

"இனி எந்தத் தண்ணி எங்க பாயுமோ, அங்க போயி அந்தத் தண்ணியிலதான் எண்ணு குறிக்கணும் சார்" என்றாள் சுபிதா. பஸ்ஸுக்கு நேரமாகியும் அவள் அன்று அசையவில்லை. கணபதியப்பன் போகும்போது வாசலில் இருந்த 'லேப்' என்ற எழுத்தை ஒருமுறை பார்த்தார். "சாக்பீஸ்ல எழுதினா அழிஞ்சு போவும். பெயின்ட் வாங்கி எழுதுங்க டீச்சர்" என்றார்.

அன்று சாயங்காலமே டீச்சர் முத்துநாயகத்தின் வயலுக்குப் போனாள். அவர் நாற்றங்காலை மறுபடி உழுது சமன்செய்து கொண்டிருந்தார். விதைக்கு உள்ள பணத்தைத் தருகிறேன் என்று அவள் தொடங்கியதுமே கையை ஆட்டினார்.

"வேண்டாம் டீச்சரே. அதுக்கு வெல சொன்னா பின்ன நான் செஞ்சது ஏவாரமாயிரும். எனக்க பிள்ளையும் அங்கதான படிக்கு."

"அப்பம் வேற ஏதாவது..."

"ஒண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வெதைக்கேன். தண்ணி வடிச்சுப் போடுகதுனால புறாவு வந்து வெதையப் பெறக்கிரும், அதாக்கும் ஒரு தொந்தரவு. நானும் வீட்டுக்காரியும் மாறிமாறி நிப்போம். ஞாயித்துக்கெழம உச்சிக்கு மட்டும் குடும்பத்தோட நிழல்தாங்கலுக்கு அய்யாவக் கும்பிடப் போவணும். அது முடக்க மாட்டேன். அந்நேரம் அய்யா பாத்துக்கிடுவாரு."

டீச்சர் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வயல்வெளியில் ஆளில்லை. நிழல்தாங்கலிலிருந்து உச்சிவேளைத் துதிப் படிப்பின் ஓசை காற்றில் விட்டுவிட்டு வந்தது. ராஜி டீச்சர் குடையும் கையுமாகத் தென்னந்தோப்பு வழியே வந்து நாற்றங்கால் வரப்பில் நின்றாள். ஞாயிறுதோறும் அவள் சுசீந்திரம் கோவிலுக்குப் போகிறவள். அன்று போகவில்லை, கும்பிட வேண்டியதை இங்கே நின்றே கும்பிட்டுக்கொண்டாள். சாமி கோபிக்கமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. கைதட்டினாள். எழுந்து, சுற்றி, மறுபடி அடுத்த மூலையில் இறங்கின. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரப்போடு ஓடினாள். குடையை விரித்துச் சுருக்கி வீசினாள். எட்டாம் வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்குப் புறாக்கள் அடங்கவில்லை. ஒருமுறை வழுக்கி, சேலையின் ஓரம் முழுக்கச் சேறானது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவை சலித்துப்போய் வேறு வயல் பார்த்துப் பறந்தன.

முளைகள் வெள்ளையாக ஊசிமுனை அளவுக்குத் தலைகாட்டியிருந்தன. அவள் குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

படிப்பு நின்று சங்கொலி கேட்டதும், முத்துநாயகம் வீட்டார் வரும் முன்பே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சேற்றில் பதிந்திருந்த தன் காலடிகளை ஒரு தென்னை மட்டையால் நிரவினாள். பிறகு வந்த வழியே தோப்புக்குள் இறங்கி, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள்.