மிஸ்ரா பேசியதும் இராமலிங்கம் சொன்னதும்

இராமலிங்கத்துக்கு இந்தியில் இரண்டே சொற்கள் தெரியும். இரண்டும் வில்லன் துரத்தும்போது கதாநாயகி கத்துபவை. மேடைக்கு உதவாது.

ஆனாலும் தெலுக் பங்லிமா காராங் மின்விசிறித் தொழிற்சாலையில் அவன்தான் இந்திப் பண்டிதன். வேலை கேட்டு வந்த அன்றே மேனேஜர் ஜமாலுடின், இந்தியக்காரப் பிள்ளைக்கு ஹிந்துஸ்தான் பாஷை தெரியும்தானே என்று மலாயில் கேட்டார். தலை தானாக ஆடிவிட்டது. அதிலிருந்து அவர் வீட்டில் பார்க்கும் வீடியோ கேசட்டுக்கெல்லாம் இவன்தான் கதை சொன்னான். ஒரே படத்துக்கு இரண்டு கதை சொன்னபோதும் அவர் சந்தேகப்படவில்லை. இரண்டாம் தடவைதான் புரிகிறது என்றார்.

எண்பத்தைந்து செப்டம்பர் பதினான்கு, சனிக்கிழமை, இந்தி தினம். மின்விசிறி வாங்கும் டில்லிக் கம்பெனியின் மிஸ்ரா, பிரிக்பீல்ட்ஸ் மண்டபமொன்றில் விழா வைத்து மேனேஜரை அழைத்திருந்தார். அன்று முழுக்க இந்தியைத் தவிர வேறு பேசுவதில்லை என்று மிஸ்ராவுக்கு விரதம்.

அதே நாளில் கேரி தீவில் இராமலிங்கத்தின் அம்மாவுக்குக் கருமாதி. தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் செய்ய வேண்டும். இவன்தான் கடைசி.

"ஒன்றரைக்கு எமகண்டம்டா. அதுக்குள்ள வரலைன்னா நானே செஞ்சிடுவேன்" என்றிருந்தான் அண்ணன் கன்னையா.

லீவு கேட்டதற்கு, மிஸ்ரா பேசுவதைத் தனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டார் மேனேஜர். இது நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம் என்றார். எதற்கு லீவு என்று கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

விழாவில் மிஸ்ரா பேசத் தொடங்கினார். இராமலிங்கம் மேனேஜரின் காதருகே குனிந்தான். மொழி தாய் மாதிரி என்கிறார் என்றான். எந்த மொழி விழாவிலும் யாராவது அதைச் சொல்லித்தான் தீரவேண்டும். மிஸ்ரா நிறுத்துவதாக இல்லை. மொழியைப் பற்றி இவனிடம் இருந்த சரக்கு தீர்ந்துபோயிற்று. தாய் மட்டும் மிச்சம் இருந்தாள். ஒரு தாய் செம்பனை எஸ்டேட்டில் உதிரிப் பழம் பொறுக்கினாளாம். முதுகு போயிற்றாம். ஆஸ்பத்திரியில் படுத்தாளாம்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

"ஏன் சிரிக்கிறாங்க?"

"டாக்டர் அந்தம்மா பேரைக் கேட்டாராம், என்சிக். அவங்க மகன் பேரைச் சொன்னாங்களாம்."

மேனேஜரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். பிறகு அவள் செத்துப்போனதையும், இன்றைக்குக் கருமாதி என்பதையும் இராமலிங்கம் அதே குரலில் சொன்னான்.

"மகன் எங்கே?"

"வேலையில இருக்கானாம்."

"என்ன பிள்ளை லா அவன்" என்று மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இராமலிங்கமும் தட்டினான். கை நன்றாகத்தான் வேலை செய்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. கிளம்பட்டுமா என்று கேட்பதற்குள் மேனேஜர் அவனை மேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மிஸ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாய்க்காக நான் வருத்தப்படறேன்னு சொல்லு."

இருவரும் இராமலிங்கத்தைப் பார்த்தார்கள். கதாநாயகியின் இரண்டு சொற்களும் ஒருமுறை வந்து போயின.

"எங்கம்மா செத்துப்போச்சுங்க" என்றான் தமிழில். "இன்னிக்குக் கருமாதி. நான் போவணும்."

மேனேஜர் அதை இந்தி என்று நினைத்தார். மிஸ்ரா மலாய் என்று நினைத்தார். நெகிழ்ந்துபோய் இருவரையும் கும்பிட்டார்.

வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த வருஷமும் நீதான் என்று முதுகில் தட்டிய மேனேஜர், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சமோசாத் தட்டை நீட்டினார். ஒன்றரை தாண்டியிருந்தது. இராமலிங்கம் ஒன்றை எடுத்துக் கடித்தான். உள்ளே சூடாக இருந்திருக்க வேண்டும். தன்னுடையதைக் கடித்த மேனேஜர் வாயைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தார்.