ஒன்பது சிவப்பு வரிகள்

நூற்பாலை மகளிர் விடுதியின் காப்பாளர் ஜக்கம்மாள் தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்குள் நான்சி கணினிமுன் போய் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்து டிவியில நம்ம விடுதிப் புள்ள பொன்னழகு பேரு வந்துச்சு தாயி. பக்கத்துலயே 'விடுப்பு, அதிக உதிரப்போக்கு'ன்னு. ஆம்பளைக அம்புட்டுப் பேரும் வாசிச்சு வாசிச்சுச் சிரிக்கிறாய்ங்க. புள்ள தட்டை அப்படியே வச்சுட்டுச் சொந்த ஊரு கீரனூருக்கு பஸ் ஏறிருச்சு. திங்கக்கெழமை வரலைன்னா வேலை போயிரும். எங்கிட்ட மட்டும் சொன்ன சங்கதிம்மா அது!"

அந்த ஆலைக்கு வருகைப்பதிவுச் செயலி எழுதிக் கொடுத்தது, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் இருந்த நான்சி வேலைபார்த்த சிறு நிறுவனந்தான். தொலைக்காட்சியில் பெயரும் வேலைநேரமும் மட்டுமே தெரிய வேண்டும். விடுப்பின் காரணம் காப்பாளர் ஒருவர் பார்வைக்கே உரியது.

நான்சி செயலியின் நிரலைத் திறந்தாள். விடுப்புக் காரணத்தைத் தாங்கும் 'வேரியபிள்' எனும் மாறியை, அவளோடு நிரலெழுதும் கிளெமென்ட் 'பப்ளிக்' என்று அறிவித்திருந்தான். நிரலின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அதை எடுத்துப் படிக்கலாம். கதவே இல்லாத குளியலறை.

"இதை ஏண்ணே தொறந்து போட்டீங்க?"

கிளெமென்ட் பிரியாணிப் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பிரைவேட்டுன்னு போட்டா அந்தந்த எடத்துக்குத் தனித்தனியா வழி எழுதணும். யாரு மெனக்கெடுறது? எல்லாம் ஒரே மில்லு ஆளுகதான?" என்று சொல்லி, எலும்பொன்றை ஓசையெழ உறிஞ்சினான்.

அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் 'பிரைவேட்' என்று மாற்றி நிரலை ஓட்டினாள். அவ்வாறு மூடிவிட்டால், அதுவரை வெளியிலிருந்து அந்த மாறியைத் தொட்டுவந்த இடங்களையெல்லாம் கணினியே பிழையென்று சிவப்பில் காட்டிக் கொடுத்துவிடும். தொலைக்காட்சி ஒன்றுதான் அகப்படும் என்று நினைத்தாள். ஒன்பது வரிகள் வந்து நின்றன.

சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சி. வாயிற்காவலரின் கைப்பேசி. பிரிவு மேற்பார்வையாளர் ஐவரின் திரைகள். மேலாளரின் அறை. ஒன்பதாவது ஆலையிலேயே இல்லை. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களை மட்டும் வடிகட்டி, அவர்களுடைய காரணங்களை நாள்தோறும் கிளெமென்டின் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அது.

"சும்மா டெஸ்டிங்குக்குப் போட்டது நான்சி..."

அவனோடு ஒரே பானையில் தண்ணீர் குடித்த இரண்டு ஆண்டுகளும் அவளுக்கு அருவருப்பாயின.

அரவம் கேட்டு முதலாளி ராயப்பராஜ் வந்து திரையைப் பார்த்தார். "எட்டை மூடிரும்மா. மேனேஜருக்குள்ளத மட்டும் விட்டுரு. அவரு வாயவிட்டுக் கேட்டாரு, நாந்தான் சரின்னேன்."

"எதுக்கு சார் கேட்டாரு?"

"பொய் சொல்லி லீவு எடுக்குறாளுகளாம். நமக்கெதுக்கு அந்த ஆராய்ச்சி? ஒனக்கு வேலை வேணுமா வேணாமா?"

நான்சி ஒன்பது வரிகளையும் அழித்தாள். காப்பாளருக்கு மட்டும் கடவுச்சொல்லோடு ஒரு வழி எழுதினாள்; ராயப்பராஜின் கண்முன்னேயே அதை ஆலைக் கணினிக்கு ஏற்றினாள். பிறகு ஜக்கம்மாளிடம் பொன்னழகின் எண்ணை வாங்கிக் கீரனூருக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"பொன்னழகு, அந்தச் செயலி எழுதுன ஆபீசுலேர்ந்து நான்சி பேசுறேன். இனிமே ஜக்கம்மாக்காவைத் தவுர யாரும் பாக்க முடியாது. நீ தைரியமா வா."

"ஏனுங்கக்கா, இதுவரைக்கும் ஆரெல்லாம் பாத்தாங்கன்னு தெரியுங்களா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். கிளெமென்ட் எழுந்து, வேண்டாம் என்று கையசைத்தான். நான்சி அவனைப் பார்த்தவாறே ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஒம்பதாவது, எங்க ஆபீசு கிளெமென்ட்."

"எல்லாத்தையும் ஒரு பேப்பருல எழுதிக் குடுங்கக்கா. நான் திங்கக்கெழமை வந்து வாங்கிக்கறனுங்க."

நான்சி வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கிளெமென்டின் பெயரை முதலில் எழுதினாள்.