முப்பத்தெட்டு அம்மப்பாமாரை முதலை தின்ற கதை

வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் பதினொன்றுக்கு இங்கிலீசு படிப்பித்த றோஸ்மேரி ரீச்சருக்கு ஒரேயொரு ஆசை: வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பாஸ் பண்ண வேண்டும். பெரிய ஆசைதான். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து இங்கிலீசில் பாஸ் பண்ணியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பரீட்சை எழுத மட்டும் வந்தவர். படித்தது வேறு இடத்தில்.

ஆகவே ரீச்சர் தானே இருந்து ஒரு கதை எழுதினார். ஒரு கதைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது. முதலை வாயைத் திறக்கும் இடத்தில், நட்டநடுவிலே கதை தொடங்கும். பிறகு அன்றைய காலைக்குப் பின்னோக்கிப் போகும். அம்மப்பா தோணியில் இறால் பிடிக்கப் போவார். ‘ஓடு, பிள்ளாய்!’ என்று மேற்கோள் குறிக்குள் கத்துவார். கடைசி வரியில் முதலை அவரைத் தின்று முடித்திருக்கும். இறந்தகாலத்துக்கும் முந்திய இறந்தகாலத்தில், ஒரு பிழையில்லாமல்.

பிள்ளைகள் ஒரு மாதம் அதை வரிக்கு வரி பாடமாக்கினார்கள். வலயப் பரீட்சையில் ‘மறக்க முடியாத நாள்’ என்று கேள்வி வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் அம்மப்பாவை முதலைக்குக் கொடுத்தார்கள்.

பேப்பர் திருத்தியவர் உதவிக் கல்விப் பணிப்பாளர் இஷாம். காத்தான்குடிக்காரர், இளகிய மனசு. முதல் பேப்பரில் கண் கலங்கினார். பத்தாவதில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒரு சொல் மாறாமல் சாட்சி சொல்கிறார்கள் என்றால் அது நடந்துதானே இருக்க வேண்டும்? ரீச்சருக்குப் போன் எடுத்தார்.

“ரீச்சர், இவ்வளவு பெரிய அழிவு நடந்திரிக்கு, ஒரு வார்த்தை சொல்லல்லியே! வியாழக்கிழமை மலர்வளையத்தோட வாறன்.”

உண்மையைச் சொன்னால் முப்பத்தெட்டுப் பேப்பரும் ரத்தாகும். ரீச்சர் ஊரில் விசாரித்தார். உயிரோடு இருந்த அம்மப்பாமார் பதினேழு பேர். மற்றவர்களால் தொந்தரவு இல்லை. பதினேழு பேரையும் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார்.

“நான் செத்தா வட்டைக்குள்ள நிக்கிற வெள்ளாமைய ஆரு பாக்கிற, ரீச்சர்?” என்றார் கம்சாயினியின் அம்மப்பா கந்தப்போடி.

“ஒரு நாளைக்குத்தான் ஐயா. புள்ளைகள் பாஸ் பண்ண வேணுமே.”

“ஒரு நாளெண்டாச் சாகலாம். காலத்தால எத்தின மணிக்கு?”

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினேழு பேரும் தோணியேறி, வாவியில் கண்டல் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஒன்பது மணிக்கு இஷாம் சேர் வந்தார். பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு நேரே வாவிக்குப் போனார். இதை ரீச்சர் யோசிக்கவில்லை. கண்டலுக்குப் பின்னால் பதினேழு தலைகள் தெரிந்தன.

“ஆரு இவங்க, இத்தின பேர்?”

கந்தப்போடி வெற்றிலையைத் துப்பினார்.

“நாங்கதான் சேர், செத்த ஆக்கள். முதலை துப்பிட்டுது.”

“எல்லாரையுமா?”

“கிழட்டு இறைச்சி, சேர்.”

இஷாம் சேர் ஆழமாக யோசித்தார். “அப்ப புள்ளைகள் கதைய முடிக்கல்ல. முடியாத கதைக்குப் புள்ளி போட ஏலா. அம்மப்பா எப்பிடித் தப்பினாரெண்டு என்ர கண்ணுக்கு முன்னால எழுதட்டும். அவரவர் வந்து சரியெண்டு சொன்னாத்தான் பாஸ்.”

உண்மையாகவே செத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய முடிவே போதும் என்று விட்டுவிட்டார். எல்லாரும் வகுப்புக்குத் திரும்பியதும் மற்றப் பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ரீச்சர் தலையில் கை வைத்தார். இங்கிலீசில் சொந்தமாக ஒரு வரி எழுதிய பிள்ளை அங்கே இல்லை.

நிதுர்ஷனின் அம்மப்பா முதலைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினாராம். ஜொய்சனின் அம்மப்பா மத்தேயு தப்பியது தவக்காலத்தால். முதலை இறைச்சி தொடாதாம்.

“மெய்தானா?”

“ஓம் சேர். பெரிய வெள்ளிக்கிழமை,” என்றார் மத்தேயு.

இலக்கணம் ஒன்றிலும் இல்லை. ஆனால் சாட்சி பலமாக இருந்ததால் சேர் பாஸ் போட்டுக்கொண்டே போனார்.

கம்சாயினியின் பேப்பர் கடைசி. சேர் வாசித்தார், நிமிர்ந்து கந்தப்போடியைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். அவளுடைய அம்மப்பா வெளியே வரவேயில்லை. முதலையின் வயிறு நல்ல குளிர்ச்சி, நுளம்புக்கடியும் இல்லை, அங்கேயே இருந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

“இது பிழைதானே? நீங்க இஞ்ச நிக்கிறீங்க.”

ரீச்சர் விரல் விட்டு எண்ணினார். முப்பத்தேழு பாஸ். கம்சாயினி பேனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கந்தப்போடி பேத்தியை ஒருதரம் பார்த்தார்.

“நான் உள்ளதான் சேர் இரிக்கன்.”

“நுளம்பு?”

“ஒண்டும் இல்ல.”

இஷாம் சேர் சரி போட்டார். பிறகு எழும்பி, கந்தப்போடியின் இரண்டு கையையும் பிடித்து ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டு, அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்.