மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

சர்க்கரை பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்லுவார்கள். முதல் நாள் கல்யாண வீட்டில் ஜிலேபியைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்து, "ரெண்டே ரெண்டு இட்லிதான் தாயி" என்பார்கள். மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கும். "ஒரு வேளை தப்புறதில்ல" என்பார்கள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேப்பில் பதினாறு வருஷம் இதையே கேட்டுக் கேட்டு, எனக்கு மனுஷர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்திருந்தது. பொய் என்றாலே எனக்கு ஆகாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

1997 பங்குனியில் ஒரு காலை, எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி பொம்மையன் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர் வடமதுரைக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஒரு கிராமம். பூசாரிக்கும் சர்க்கரை உண்டு. ஊரில் தெரிந்தால் மரியாதை குறையும் என்று மாதம் ஒருமுறை பஸ் ஏறி என்னிடம் வந்து ரகசியமாகப் பார்த்துக்கொண்டு போவார். அவர் கையில் ரப்பர் குழாயைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சாவகாசமாகச் சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு ஆத்தா வந்து நாலு நாளாச்சு. ஒடம்பு பூரா முத்து."

ஊசியைத் தட்டில் வைத்தேன். அண்ணன் முத்துக்கிருஷ்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஏழு வருஷமாகச் சர்க்கரை. நான் வாங்கிக் கொடுக்கிற மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்திரை முழுங்குறாரா?"

"அம்மை போட்ட வீட்டுல மாத்திரையா? என்ன தாயி பேசுற. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன். பானகமும் இளநியுமா குளுமையா குடுத்துக்கிட்டு இருக்காக."

"வெல்லத்தைக் கரைச்சா குடுக்குறீங்க? நீங்க இன்னைக்கு மாத்திரை போட்டீகளா இல்லையா?"

"போட்டேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"எனக்கு ஆத்தா வரலையே தாயி," என்றார். அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

டாக்டர் சௌகத் அலியிடம் ஓடினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பெரிய ஆளுக்கு அம்மைங்கிறதே மோசம். அம்மையில சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறுனா அம்மை ஆறாது. நெஞ்சுல இறங்கிருச்சுன்னா கஷ்டம்மா. கூட்டிட்டு வாங்க, இன்சுலின் போடணும்."

"ஊசின்னா வரவே மாட்டாக சார்."

"அப்ப மாத்திரையாவது உள்ள போகணும். வெல்லம் நிக்கணும். ஆகாரம் நிறுத்தாமக் குடுக்கணும்."

மதியமே ஊருக்குப் போனேன். நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது. அண்ணன் மனைவி சண்முகவள்ளி என்னை வாசலிலேயே மறித்தாள்.

"நீ நாலு பேரு ரத்தத்தத் தொட்டுட்டு வார, பேச்சி. உள்ள வரக்கூடாது."

"நான் வரல மதினி. அவரு மூத்திரம் மட்டும் ஒரு குப்பியில புடிச்சுக் குடுங்க."

முனகிக்கொண்டே கொடுத்தாள். பையில் கொண்டுபோயிருந்த ஸ்பிரிட் விளக்கை மாட்டுக்கொட்டத்தில் ஏற்றி, சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று போகப் போகக் கூடுதல். இது நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய்த் திரண்டு நின்றது. அதற்கு மேல் காட்ட அந்த மருந்துக்கு நிறம் கிடையாது.

மதினியிடம் காட்டினேன். அவள் குழாயைப் பார்க்கவே இல்லை.

"கொல்லையில அவரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்கிறது எனக்குத் தெரியாதா? எங்க சித்தப்பனுக்கு அம்மையில ஊசி போட்டு ஒரு கண்ணு போச்சு. உங்க அண்ணனுக்குக் கண்ணு போனா நீயா வந்து வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுவ?"

அவள் புருஷனைக் கொல்லப் பார்க்கவில்லை. காப்பாற்றத்தான் பார்த்தாள்.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "பேச்சி, போயிருத்தா. ஆத்தா பாத்துக்கிருவா." சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வறட்டு இருமல். நெஞ்சில் இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்த மனுஷர். கொட்டத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பொம்மையன் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் செத்தா, நீங்க மாசாமாசம் எங்கிட்ட வந்து எதுக்குக் கைய நீட்டுறீகன்னு ஊரைக் கூட்டிச் சொல்லுவேன்."

அவர் முகம் செத்துப்போனது. துணியைக் கீழே வைத்தார். பிறகு, "மாத்திரைன்னு தெரிஞ்சா துப்பிருவான்," என்றார்.

"தெரியாமக் குடுங்க."

அப்படித்தான் அது நடந்தது. அம்மை கண்டவருக்குப் பூசாரி வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து உருண்டை கொடுப்பது வழக்கம். அதில் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் கசப்போடு கசப்பாகப் போய்விடும். ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்லப் போறேன். இது நம்ம ரெண்டு பேரோட போகணும். சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

கல்லில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கொஞ்சம் சுட்டது. அண்ணன் உயிருக்கு அது ஒரு விலையா என்று நினைத்தேன்.

பூசாரி காலையும் மாலையும் போய் உருண்டை கொடுத்தார். "ஆத்தாவுக்குப் பானகம் போதுமாம், மோர்க்கஞ்சி கேக்குறா" என்று ஒரே போடாகப் போட்டார். மதினி மறுபேச்சில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கொட்டத்தில் விளக்கேற்றினேன். செங்கல் ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது, பத்தாம் நாள் பச்சை வந்தது. காய்ச்சல் இறங்கி இருமல் நின்றது. முத்தெல்லாம் பொருக்குத் தட்டி, வேப்பிலை போட்டு, அம்மை விட்டதற்கு அடையாளமான மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அண்ணன் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். தழும்புகளோடு சிரித்தார். நானும் சிரித்தேன்.

கதை அங்கே முடிந்திருக்கலாம்.

அடுத்த மாதம் அண்ணன் ஒரு மூட்டை வெங்காயத்தோடு என் வீட்டுக்கு வந்தார். மாத்திரை எடுத்து வைத்திருந்தேன். கையால் தள்ளிவிட்டார்.

"இனி இது எதுக்கு? ஆத்தா வந்தது சுகரையும் சேத்து இறக்கிட்டுப் போகத்தான். மாத்திரையே இல்லாம எப்புடிப் பொழைச்சேன் பாத்தியா? வீட்டுல கெடந்ததையெல்லாம் கெணத்துல போட்டுட்டேன்."

"ஒரு தடவ ரத்தம் பாத்துருவோம்ணே."

"ஆத்தாவுக்கே பரீட்சை வைக்கிறியா?"

பூசாரியிடம் போனேன். "சத்தியம் பண்ணியிருக்க. சொன்னா என்னைய எவன் கோயிலுக்குள்ள விடுவான்?" என்றார். அவருக்கும் உறுத்தல்தான். வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை தோறும் உருண்டை கொடுக்கிறேன் என்றார். வாரத்துக்கு ஒரு மாத்திரை என்ன செய்யும்?

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். திருவிழா முடியட்டும் என்றிருந்தேன். அண்ணன் அந்த வருஷம் தீச்சட்டி எடுத்தார். வெங்காய அறுப்பு முடியட்டும் என்றிருந்தேன். சத்தியத்துக்குப் பயந்தேன் என்பதும் உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, எனக்கு அலுத்துவிட்டது. நாள் முழுக்க நாற்பது பேரிடம் மாத்திரையை விடாதீர்கள் என்று கத்திவிட்டு, இன்னொரு சண்டைக்கு உடம்பில் தெம்பு இல்லை. போகும்போதெல்லாம் அண்ணன் கழுத்து இளைத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஒன்றரை வருஷம் கழித்து வயலில் அண்ணன் காலில் கருவேல முள் ஏறியது. சர்க்கரையில் பாதம் மரத்திருந்ததால் முள் தைத்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு மஞ்சளை வைத்துக் கட்டினார். ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுவந்தபோது பாதம் கறுத்திருந்தது. நான்தான் ரத்தம் எடுத்தேன். வந்த சர்க்கரை அளவை நம்பாமல் இரண்டாம் முறையும் சோதித்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வார்டில் அண்ணன் கண் திறந்து என்னைத் தேடினார்.

"பேச்சி, நான் என்ன குத்தம் பண்ணுனேன்? ஆத்தா ஏன் என்னைக் கைய விட்டா?"

காலடியில் உட்கார்ந்திருந்த மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "குத்தம் என்னுதுங்க. ஒங்களுக்கு முத்து போட்டிருந்தப்ப ஒருநா நாக்கு செத்துக் கெடக்குதேன்னு வெஞ்சனம் தாளிச்சேன். அம்மை வீட்டுல எண்ணெய்ச் சட்டி வச்சேன். அதான் ஆத்தா மனசுல வச்சிருந்து காலை எடுத்துட்டா."

ஒன்றரை வருஷமாக அவள் இதை ஒரு பக்கம் சுமந்திருக்கிறாள், நான் ஒரு பக்கம் சுமந்திருக்கிறேன். ஒரு சட்டி வெஞ்சனத்துக்கு ஒரு காலா? என்னால் தாங்க முடியவில்லை. வேப்பிலை உருண்டை, மோர்க்கஞ்சி, மாட்டுக்கொட்டம், சூடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதினி வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப என்னையப் பொழைக்க வச்சது மாத்திரைதானா?"

"ஆமாண்ணே. அன்னைக்குச் சொல்லியிருந்தா நீங்க துப்பியிருப்பீக."

"துப்பித்தான் இருப்பேன்," என்று ஒத்துக்கொண்டார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவினார். பிறகு, சந்தையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"மூணாந்தண்ணி ஊத்துன பெறகு சொல்லியிருக்கலாம்ல, பேச்சி?"

சத்தியம் பண்ணினேன் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"சொல்லியிருக்கலாம்ணே," என்றேன்.