ஐந்து கால் கூண்டு

"முன் சீட்டுல நான் உக்காரணுமுங்கப்பா."

சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த நஞ்சப்பனின் கை அப்படியே நின்றது. அடுப்படியில் சுப்பாத்தாள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடம் வரை கேட்டது. மகளிடம் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "நகை கேளு, சீலை கேளு, கோயமுத்தூருக்குச் சினிமாப் பார்க்கப் போகோணும்னுகூடக் கேளு. முன் சீட்டை மட்டும் கேட்டுப்புடாத அம்மிணி." கார் என்று ஒன்று அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. முன் சீட்டில் அப்பாவும் மாமன்மாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று, ஆண் என்கிற தகுதியில், சித்தப்பன் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது. ஒருதரம் விதைநெல் மூட்டை வந்தது. பெண் மட்டும் உட்கார்ந்ததில்லை.

இத்தனைக்கும் பூவாத்தாள் கேட்டது வீட்டுக் காரில் அல்ல. அண்ணன் ஆறுமுகசாமி ராலிக்கென்று வாங்கியிருந்த பழைய ஃபியட்டில். கோயமுத்தூரில் ஒரு மோட்டார் சங்கம் கார் ராலி ஒன்றை அறிவித்திருந்தது. பொள்ளாச்சியில் கிளம்பி, உடுமலை, மறையூர், மூணாறு, மாட்டுப்பட்டி என்று ஏறிச் சின்னக்கானலில் முடிக்க வேண்டும். முந்தி ஓடுகிறவனுக்குப் பரிசு கிடையாது. இங்கிருந்து இதுவரை இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் எந்த வளைவில் கடிகாரத்தோடு ஆள் நிற்பான் என்று சொல்லமாட்டார்கள். ஒரு நிமிஷம் முன்னால் போனாலும் மார்க் போச்சு, பின்னால் போனாலும் போச்சு. ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கைத் திருப்பினால் போதும். இடது சீட்டில் இருப்பவர்தான் மைல்கல்லையும் கடிகாரத்தையும் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கை நாற்பத்தாறு பக்கத்துக்குப் போட்டு வைத்திருந்தவள் பூவாத்தாள். சித்தூர் கவர்ன்மெண்டு காலேஜில் கணக்கில் பி.எஸ்ஸி. அந்த வம்சத்திலேயே முதல் பட்டம். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாட்டுக் கண்காட்சியில் பரிசு வாங்கிய காளையின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். காளையின் படம் பெரியது.

இடது சீட்டு ஏற்கெனவே சின்னையனுக்கு என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் மகன், முறை மாப்பிள்ளை. அவனும் அன்று இலையில் உட்கார்ந்திருந்தான்.

"பொட்டப்புள்ள முன்னால உக்காந்து மலையேறிப் போறதா? படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்றார் நஞ்சப்பன்.

"வேற எதுக்குங்கப்பா?"

சின்னையன் பெருந்தன்மையாகச் சிரித்தான். "நோட்டை மட்டும் குடு பூவா. எழுதி வெச்சதைப் படிக்கத் தெரியாதா எனக்கு?"

"நம்பருக்கு நடுவுல புள்ளி எதுக்கு வெச்சிருக்குதுன்னு நேத்துத்தான கேட்டீங்க மச்சான்?"

"எச்சுப் பேச்சு எதுக்கு?" என்று ஆறுமுகசாமி ஏப்பத்தோடு எழுந்தான். "மாப்பிள்ளதான் உக்காருவாப்ல. நீ கணக்கைப் போடு."

ஆக, கணக்குப் போடலாம், உட்காரக் கூடாது. பூவாத்தாள் இன்னொன்றும் செய்யலாம் என்று வைத்தார்கள்: சங்கத்தின் விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் அதை அவள் படிக்கலாம். பன்னிரண்டாம் பக்கத்தில் கூண்டு இருந்தது. மலைப்பாதையில் கார் உருண்டால் கூரைத்தகடு அப்பளமாகித் தலையில் இறங்கிவிடும். அதைத் தாங்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்ட வேண்டும். சீட்டுக்குப் பின்னால் வளைவு ஒன்று, அதற்கு இரண்டு கால். முன் கண்ணாடி ஓரமாக இரண்டு கால். பின்னால் சாய்த்து முட்டுக் கொடுக்க இரண்டு. ஆறு காலும் தரையில் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும்.

வேலை கந்தப்பன் பட்டறைக்கு வந்தது. அவன் சேற்று உழவுக்கு டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம் செய்கிறவன். பூவாத்தாள் படம் போட்டுக் காட்டியதும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"சக்கரத்துக்குப் பதிலா மனுசனுக்குக் கூண்டு. அவ்வளவுதானுங்களே அம்மிணி?"

அவ்வளவுதான். குழாயில் மணலை அடைத்து, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடித்து மூடி, பழுக்கக் காய்ச்சி, ஒரு நெளிவு இல்லாமல் வளைத்தான். அளவு சொல்ல அவள் தினமும் போனாள். பட்டறையில் இன்னொரு காரும் நின்றது. பாலக்காட்டுக் கல்பாத்தி வெங்கிடாசலத்தின் ஹெரால்டு; அதே ராலிக்கு, அதே ஆறு கால் கூண்டு கட்ட வந்தது. பேங்கு உத்தியோகம், ஐம்பது வயசு, மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் நோட்டைக் கேட்டு வாங்கி நான்கு பக்கம் புரட்டினார். ஓர் இடத்தில் நின்று, மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, தலையாட்டினார்.

"யார் போட்டது இது?"

"நானுங்க."

"என் மச்சினனை உக்கார வெச்சுண்டு போறதா இருந்தேன். மூணாவது வளைவுலயே வாந்தி எடுக்கறான், கேட்டேளா. நீங்க வரேளா? சனிக்கிழமை வரைக்கும் சீட்டைக் காலியா வெச்சிருப்பேன். என் ஆத்துக்காரி சேஷம்மா கிட்டச் சொல்லியாச்சுன்னா ஆத்துல ஒரு ஆட்சேபமும் இல்லை."

பூவாத்தாள் சங்கடத்தோடு மறுத்தாள். எங்கள் வீட்டுக் கார் ஓடுகிறது, கடைசி நேரத்திலாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். பி.எஸ்ஸி படித்தவளுக்கும் இப்படிச் சில மூடநம்பிக்கைகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை பட்டறையிலேயே பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டின் மேல் ஆறுமுகசாமி பழனியிலிருந்து வாங்கி வந்து திருகாணி போட்டு முடுக்கியிருந்த பித்தளை மயில். மூன்று கிலோ. நஞ்சப்பன் கற்பூரத்தைச் சுற்றிவிட்டு, பந்தல்காலை எண்ணுகிற மாதிரி கூண்டை விரலால் எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு... ஆறா? ஏன்டா கந்தப்பா, ஆறா வெச்சிருக்கற?"

"அம்மிணி படத்துல ஆறுங்க பண்ணாடி."

"ஊட்டுக்குக் கைமரம் வெச்சாலும் ஒத்தப்படை, படி கட்டுனாலும் ஒத்தப்படை. மனுசன் உக்காரப்போற எடத்துல ரெட்டப்படையில கால் நிறுத்துவாங்களாடா? வெளங்குமா?" அவர் முகம் உண்மையிலேயே வெளுத்திருந்தது. "ஒண்ணை எடுத்துப்போடு."

"எதைங்க?"

"வலப்பக்கம் தொட்டுப்போடாத, அங்க பையன் உக்காருவான். எடப்பக்கம் முன்னால இருக்கறதை எடு."

கந்தப்பன் பூவாத்தாளைப் பார்த்தான்.

"அப்பா, அதை எடுத்தா மேல போற குழாய் அந்தரத்துல நிக்கும். வண்டி உருண்டா எடப்பக்கம் இருக்கறவங்க தலையில நேரா வந்து குத்துமுங்க. ஒத்தப்படைதான வேணும்? இன்னொண்ணு சேர்த்து ஏழாக்கிக்கலாம். நடுவுல ஒரு முட்டுக் குடுத்தா இன்னும் நல்லாத் தாங்கும்."

"ஏழா?" ஆறுமுகசாமிக்குச் சிரிப்பு வந்தது. "கனம் ஏறிப்போகும் புள்ள. மலையில வண்டி இழுக்குமா?"

"அந்த மயிலைக் கழட்டிட்டா இழுக்கும்."

"சாமி வாகனத்தைச் சொல்றா பாரு! ராலி ஓட்டறது நானா நீயா?"

ஆக்சா பிளேடு குழாயைக் கடித்தது. கந்தப்பன் வேண்டுமென்றே மெதுவாகத்தான் அறுத்தான். ஆனாலும் இரும்பு விட்டுக்கொடுத்தது. கால் கழன்று தரையில் விழுந்து உருண்டு, சின்னையனின் செருப்பில் முட்டி நின்றது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். நிமிர்ந்து, இடது சீட்டுக்கு மேலே மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனையைப் பார்த்தான். பிறகு இடுப்பில் கை வைத்தான்.

"மாமா... ரெண்டு நாளா இடுப்புல ஒரு புடிப்பு. ராத்திரி பொரளவே முடியறதில்லீங்க."

"தைலம் தேய்க்கச் சொல்றேன் மாப்பிள."

"தைலத்துக்கு நிக்கறதில்லீங்க. நான் ஒண்ணு சொல்றேன். பூவா ஆசப்பட்டுக் கேட்டுதல்ல? உக்காரட்டுமே. காலம் மாறிப்போச்சுங்க மாமா. கணக்குப் போட்ட புள்ளைக்கு நாமதான இடங்குடுக்கோணும்?"

பதினோரு வருஷத்தில் மாறாத காலம் ஒரு குழாய் விழுந்த சத்தத்தில் மாறிவிட்டது. நஞ்சப்பன் தாடையைத் தடவினார். ஆறுமுகசாமி தோளைக் குலுக்கினான்.

"செரி, நீயே உக்காரு அம்மிணி," என்றார் அப்பா, குலதெய்வம் வரம் கொடுக்கிற குரலில். "கேட்டது கெடச்சுதல்ல? சந்தோசமா இரு."

பூவாத்தாள் காரின் கதவைத் திறந்தாள். இடது சீட்டில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் அவள் கேட்ட இடம். ரெக்சின் சூடாக இருந்தது. தலையை உயர்த்தினாள். அறுத்த குழாய் முனை, பிசிறோடு, நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏழாவது கால் வெப்பீங்களா மாட்டீங்களா அப்பா?"

"அதான் உக்காரச் சொல்லியாச்சே! இன்னும் என்ன கேள்வி?"

அவள் இறங்கினாள். டாஷ்போர்டின் மேல் இருந்த நோட்டையும், காலேஜ் லேபிலிருந்து கெஞ்சி வாங்கி வந்திருந்த ஸ்டாப் வாட்சையும் எடுத்துத் தோள்பையில் போட்டாள்.

"நோட்டு எங்க போகுது?" என்றான் ஆறுமுகசாமி.

"என்கூட. பாலக்காட்டுக்கு."

"அங்க ஆரு இருக்கறாங்க?"

"ஆறு காலோட ஒரு வண்டி இருக்குது."

அண்ணனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கந்தப்பனுக்கு உடனே புரிந்தது. ஹெரால்டு முந்தாநாள் வெளியே போன வாசலை அவன் கண் தொட்டுத் திரும்பியது. "கல்பாத்திக்காரரோடயா? ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியுமாடி?" என்று நஞ்சப்பன் கத்தினார். பேசுவார்கள்தான். பேசட்டும். அவள் தலை உடைந்தால் பேசாமலா இருப்பார்கள்?

"மச்சான், உங்க சீட்டு உங்களுக்கே இருக்குது. இடுப்பைப் பத்திரமாப் பார்த்துக்குங்க."

பட்டறை வாசலைத் தாண்டும்போது பின்னால் சின்னையனின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க மாமா... ஏழுங்கறதும் ஒத்தப்படைதானுங்களே? ஏழாவே வெச்சுப்போடலாமுங்க!"

"அட, ஆமாமல்ல?" என்றார் நஞ்சப்பன். "மாப்பிள்ளைக்குத் தோணுச்சு பாரு! கந்தப்பா, ஏழு வெச்சுரு. அம்மிணி, இந்தா புள்ள, ஏழு வெக்கறோம், நோட்டைக் குடுத்துட்டுப் போ!"

பாலக்காட்டு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. பூவாத்தாள் திரும்பாமல் கையை நீட்டி நிறுத்தினாள்.