ஒரு கோல்கூட அடிக்காத டுவார்ட்டே

டுவார்ட்டே போர்த்துக்கல்லில் பதினான்கு வருடம் சம்பளத்துக்கு ஃபுட்சால் விளையாடியவன். மண்டபத்துக்குள், பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் உதைபந்தாட்டம் அது. அவன் கோல்காப்பாளன். மூக்கு மூன்று தடவை உடைந்தது. அவனுடைய கடைசிக் கழகத்தை நடத்தியவர் குளியலறைச் சாமான் வியாபாரி. அதனால் இரண்டு பருவம் சட்டை நெஞ்சில் கொமட் படத்தோடு விளையாடினான். வியாபாரி கடையைப் பூட்டியபோது கழகமும் பூட்டுப்பட்டது. முப்பத்தெட்டு வயதில் கனடாவில், மொன்றியலில் இருந்த அக்காவிடம் வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலையில் சேர்ந்தான்.

அங்கே அவனோடு பெட்டி தூக்கியவர் சிவராசா. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஞாயிறு காலைகளில் உதைபந்து விளையாடும் தமிழ் அணிக்கு அவர்தான் காப்பாளர். ஐம்பது வயது, ஆளுக்கு முன்னால் வயிறு போகும். போன பருவம் எழுபத்தொரு கோல் வாங்கியிருந்தார். விமானச் சாப்பாடு கட்டும் வினோஜா அணியை நடத்தினாள்.

"அண்ணை, சம்பளத்துக்கு விளையாடின ஒருத்தன் உங்களோட சூட்கேஸ் தூக்கிறான். கேட்டுப் பாக்கேல்லையோ?" என்றாள்.

சிவராசா கேட்டார். டுவார்ட்டே உடனே சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு.

"கோலுக்குள் நிற்க மாட்டேன். முன்னால்தான் விளையாடுவேன்," என்றான் பிரெஞ்சில்.

ஃபுட்சாலில் காப்பாளர்களும் கோல் அடிப்பதுண்டு. அவன் பதினான்கு வருடத்தில் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் என்று பதிலுக்கு நின்ற பல் வைத்தியர், அந்த ஒரே ஆட்டத்தில் ஒன்று அடித்துவிட்டுப் போனார்.

முதல் ஞாயிறு டுவார்ட்டே முன்னால் ஆடினான். நின்ற பந்தையே உதைக்கத் தவறினான். அணியின் டிலான் அடித்த பந்து எதிரணிக் கோலை நோக்கி நேரே போனது. பழக்கதோஷத்தில் டுவார்ட்டே பாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்தான். அழகான பிடி. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார்.

இடைவேளையில் ஆறுக்குப் பூச்சியம்.

"என்ன கோதாரி இது, எங்கட பந்தையெல்லோ பிடிக்கிறான்," என்றார் சிவராசா.

"கோலுக்கை போகச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் வினோஜா.

சிவராசா கையுறைகளைக் கழற்றி நீட்டினார். டுவார்ட்டே வாங்கவில்லை.

"கோல் விழுந்தால் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பார்கள்," என்றான். "நான் மறுபக்கத்திலிருந்து ஓடிப்போய்ச் சேருமுன் முடிந்துவிடும். பதினான்கு வருடம்."

சிவராசா யோசித்தார். அவருக்கும் அது தெரியாததல்ல. கையுறைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நீ முன்னாலயே நில்."

கடைசி நிமிடத்தில் டிலான் ஓங்கி அடித்தான். டுவார்ட்டே பயந்து முகத்தைத் திருப்பினான். பந்து அவனுடைய குண்டியில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. கோல் என்று நடுவர் விசில் ஊதினார். டுவார்ட்டே அழுதுகொண்டே டிலானையும் ஓடிவந்த மற்றவர்களையும் கட்டிப்பிடித்தான். சிவராசா மூச்சிரைக்க வந்து சேரும்வரை யாரையும் அவன் விடவில்லை. பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

அடுத்த ஞாயிறு டுவார்ட்டே தானாகவே கோலுக்குள் போய் நின்றான்.

"முன்னால் வரேல்லையோ?" என்று கேட்டாள் வினோஜா, அரைகுறைப் பிரெஞ்சில்.

"அங்கே நிறைய ஓட வேண்டும்," என்றான்.

அந்தப் பருவம் எட்டு அணிகளில் ஐந்தாவதாக வந்தார்கள். முன்னால் ஆடப்போன சிவராசாவுக்கு முழங்கால் வீங்கியது. இப்போது விமான நிலையத்தில் பாரமான பெட்டிகளை டுவார்ட்டே தூக்குகிறான். சிவராசா பெட்டி வண்டி ஓட்டுகிறார்.